துறவைத் துறக்க ஒரு சொல்

கன்னியர் மடம்,
கம்பளை.
28 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

இயேசுவுக்குப் புகழ். நான் நலம். உங்கள் நலத்தைப் பொதுவாகக் கேட்டால் அண்ணா "தேவ கிருபையால் அனைவரும் சுகம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ஆகவே தனித்தனியாகக் கேட்கிறேன். அண்ணாவின் முழங்கால் எப்படி? மாநகரசபைப் படிகளில் இன்னும் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுகிறாரா? அண்ணி சீனி வருத்தத்துக்கு ஒழுங்காக மாத்திரை எடுக்கிறீர்களா? வவுனியாவிலிருந்து பேராதனையில் படிக்க வந்து என் அறையில் தங்கியிருக்கும் சஞ்சீவனிப் பிள்ளை சோதனை நன்றாக எழுதினாளா? என் கட்டிலில் ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுத்தால் மழைக்குச் சாரல் அடிக்கும் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.

இங்கே நல்ல குளிர். என் நவகன்னியர் பயிற்சி இரண்டாம் வருஷத்தில் நிற்கிறது. ஆகஸ்ட் மாதம் மாதா திருநாளன்று துறவுக்கு முதல் வார்த்தைப்பாடு கொடுக்கவேண்டும். சிஸ்டர்மார் எல்லாரும் அன்பானவர்கள், சாப்பாட்டுக்கும் ஒரு குறையும் இல்லை. பேச்சடக்கம்தான் அதிகம். மஹய்யாவயில் நாலு வீட்டு ரீவிக்கும் நாய்க்கும் சண்டைக்கும் நடுவில் தூங்கியவளுக்கு இந்த அமைதி காதை அடைக்கிறது. பழகிவிடும் என்று போன வருஷம் எழுதினேன்.

அண்ணா, ஓர் உதவி. இங்கே நான் சனிக்கிழமைகளில் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஸ் சொல்லிக்கொடுக்கிறேன் அல்லவா? ஒன்றை விடுவது, விலகுவது, மறுப்பது ஆகியவற்றுக்கு உள்ள வினைச்சொற்களைப் படித்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் தான் இருக்கும் இடத்தை விட்டு, யார் மீதும் கோபம் இல்லாமல், தன்னால் இயன்றவரை முயன்று பார்த்துவிட்டு, வெளியே வர விரும்பினால் அதற்கு எந்தச் சொல் பொருந்தும்? பிள்ளைகள் கேட்கிறார்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

அன்புத் தங்கை,
கிறேஸ்

*

மஹய்யாவ, கண்டி.
9 பெப்ரவரி 2024

அன்புள்ள சிஸ்டர் கிறேஸுக்கு,

தேவ கிருபையால் அனைவரும் சுகம். (இந்த வரியை விடமாட்டேன். நம் அப்பா காலத்திலிருந்து வருகிற வரி.) முழங்கால் முழங்காலாக இருக்கிறது. அண்ணி மாத்திரையையும் எடுக்கிறாள், அதற்கு மேலே இனிப்புத் தொதலும் எடுக்கிறாள். சஞ்சீவனி தலையை மாற்றி வைத்துப் படுத்துவிட்டாளாம். "அக்காவுக்கு நன்றி சொல்லுங்கோ, ரெண்டு மாசமா ஏன் தடிமன் எண்டு இப்பதான் விளங்குது" என்றாள்.

சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். எங்கள் மாநகரசபையில் இங்கிலீஸில் ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றால் அது சுற்றிச் சுற்றிக் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். கவனமாகக் கேள்.

'கிவ் அப்' என்பது கெட்ட பழக்கத்துக்கு. நான் சிகரட்டை கிவ் அப் செய்தேன் என்று உன் அண்ணி நம்புகிறாள். 'ரிசைன்' செய்ய ஒரு கதிரை வேண்டும். பதவி இல்லாதவன் ரிசைன் பண்ண முடியாது. 'ரிஜெக்ட்' மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குச் செய்வது. எங்கள் அனுமதிப்பத்திரப் பிரிவில் தினமும் நடக்கும். 'அப்டிகேட்' ராஜாக்களுக்கு. நம் கண்டியின் கடைசி ராஜாவுக்கு அதற்குக்கூடக் கொடுத்து வைக்கவில்லை, பிடித்துக் கட்டிக்கொண்டு போனார்கள். 'ரினவுன்ஸ்' பெரிய சொல். உலகத்தையே வேண்டாம் என்று விட்டாயே, நீ செய்தது அது. உன்னைப் போன்றவர்கள்தான் அதைத் தொடலாம்.

தமிழில் பார், எல்லாவற்றுக்கும் 'விட்டேன்' ஒன்று போதும். வேலையை விட்டேன், குடியை விட்டேன், மூச்சை விட்டேன். வெள்ளைக்காரன் விடுவதற்குக்கூட ஆள் பார்த்து, தரம் பார்த்துச் சொல் வைத்திருக்கிறான்.

உன் பிள்ளைகள் கேட்டதற்குப் பதில்: 'சரண்டர்'. போராடிப் பார்த்தேன், இனி முடியாது, கையை உயர்த்திவிட்டேன் என்று அர்த்தம். அதைவிட நேர்மையான சொல் இல்லை. என் பெயரைச் சொல்லியே படிப்பிக்கலாம்.

ஆகஸ்டுக்கு இப்போதே ஆயத்தம் நடக்கிறது. நீ வெள்ளை உடுப்போடு நிற்கும் படத்தைப் பெரிதாக்கி ஹோலில் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். பார்க்காதவர்களுக்கு நான் காட்டுகிறேன். அம்மா இருந்திருந்தால் எனக்கு முன்னால் அவரே காட்டியிருப்பார்.

உன்னால் பெருமையடையும்,
வின்சன்ட் அண்ணன்

*

கம்பளை
3 மார்ச் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். தவக்காலத்தில் சிகரட்டை உண்மையாகவே விட்டுவிடுங்கள். அண்ணி நம்பவில்லை, நம்புகிற மாதிரி இருக்கிறார். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நித்திரை மட்டும் கொஞ்சம் குறைவு.

சொல்லுக்கு நன்றி. 'சரண்டர்' எனக்கும் பிடித்திருந்தது. பல நாள் யோசித்து வசனமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன பதில் வருமோ என்று காத்திருக்கிறேன்.

பிள்ளைகளின் பயிற்சியைத்தான் சொல்கிறேன்.

அந்தப் படத்தை அவ்வளவு பெரிதாக்கியிருக்க வேண்டாம் அண்ணா. அம்மாவின் படத்துக்கு வெளிச்சம் குறைந்துவிடும். நான் வேலை செய்த நேர்சரியில் எனக்குப் பதிலாக யாராவது வந்துவிட்டார்களா? சும்மா கேட்டேன்.

அன்புத் தங்கை,
கிறேஸ்

*

மஹய்யாவ
12 மார்ச் 2024

அன்புள்ள கிறேஸ்,

நான் அண்ணி எழுதுகிறேன். சுகமா என்று கேட்கமாட்டேன், சுகமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உன் அண்ணன் ஒஃபீஸுக்குப் போன நேரத்தில் குசினி மேசையில் இருந்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், கோபிக்காதே.

உன் அண்ணன் உன் இரண்டு கடிதங்களையும் சத்தமாக வாசித்துக் காட்டினார். வினைச்சொல் வரும் இடத்தில் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். அவருக்கு இங்கிலீஸ் தெரியும். கேள்வி தெரியவில்லை. நாலாம் வகுப்புத் தோட்டத்துப் பிள்ளை 'யார் மீதும் கோபம் இல்லாமல், இயன்றவரை முயன்று பார்த்துவிட்டு' என்றெல்லாம் கேட்குமா? நானும் பிள்ளைகளைப் பார்த்தவள்தான்.

கிறேஸ், அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையின் பெயர் என்ன? எனக்கு மட்டும் எழுது. தபால்காரர் வரும்போது வீட்டில் நான்தான் இருப்பேன். நேர்சரிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. சீதா டீச்சர் தனியாக அல்லாடுகிறாள்.

ஷிராணி அண்ணி

*

கம்பளை
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணி,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்களுக்கு. உங்கள் கடிதத்தைக் குளியலறையில் வைத்து வாசித்தேன். வாசித்துவிட்டு வாயில் துவாயை வைத்துக்கொண்டு அழுதேன். இங்கே அழுவதற்குக்கூடச் சத்தம் வரக்கூடாது.

அந்தப் பிள்ளையின் பெயர் கிறேஸ்தான்.

எனக்கு விசுவாசம் போகவில்லை அண்ணி. அப்படி நினைத்துவிடாதீர்கள். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு சொல்லும் ஜெபமாலையில் வந்த பக்தி, இங்கே முழந்தாளிட்டு இருக்கும்போது வரவில்லை. நேர்சரியில் அம்பது வாண்டுகள் கத்தும்போது, கடவுள் இங்கேதான் எங்கேயோ நிற்கிறார் என்று இருக்கும். இங்கே அவரைத் தேடித் தேடிக் களைத்துவிட்டேன். இது நல்ல இடம். என்னுடைய இடம் இல்லை.

நேரே சொல்லலாம் என்று மடத்துத் தலைவி மதர் பெனடிக்டாவிடம் பல தடவை போனேன். அவர் கோவாக்காரர். தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது, இங்கிலீஸில்தான் பேசவேண்டும். எனக்கு இங்கிலீஸ் வருவதற்கு முன்னால் கண்ணீர் வந்துவிடுகிறது. "எழுதிக் கொண்டு வா மகளே" என்றார். அதற்குத்தான் அண்ணாவிடம் சொல் கேட்டேன். அவர் சொன்னபடியே எழுதினேன்: 'ஐ ஹாவ் ட்ரைட் வித் ஓல் மை ஹார்ட். நவ் ஐ சரண்டர்.'

முழு மனதோடு முயன்றேன், இனி முடியவில்லை, விட்டுவிடுகிறேன் என்றுதான் நான் எழுதினேன். மதர் அதை வாசித்துவிட்டு எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கோயில் இங்கிலீஸில் சரண்டர் என்றால் ஆண்டவரிடம் தன்னை முழுவதும் ஒப்படைப்பதாம்! "இந்தச் சொல்லுக்காகத்தான் இரண்டு வருஷமாக் காத்திருந்தேன்" என்று சொல்லி, இராச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். வயதான சிஸ்டர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் "அது இல்லை மதர்" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நானும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். பாவி.

இப்போது கதை இன்னும் முற்றிவிட்டது. ஜூன் ஏழாம் தேதி, திரு இருதயத் திருநாளன்று கோவாவிலிருந்து பெரிய மதர் வருகிறார். மூத்த நவகன்னியர் இருவருக்கு அன்று வார்த்தைப்பாடு. ஆகஸ்ட் வரை ஏன், கிறேஸும் பக்குவமாகிவிட்டாள் என்று என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

அண்ணாவிடம் இப்போதைக்குச் சொல்லாதீர்கள். நானே சொல்லவேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

உங்கள் கிறேஸ்

*

மஹய்யாவ
20 ஏப்ரல் 2024

அன்பும் பெருமையும் கலந்த சிஸ்டர் கிறேஸுக்கு,

தேவ கிருபையால் அனைவரும் சுகத்துக்கும் மேலே! மடத்திலிருந்து அழைப்பிதழ் வந்தது. ஜூன் ஏழு! திறந்தவுடன் என் கண்ணில் பட்டது என்ன தெரியுமா? உன் பெயருக்குக் கீழே சரிந்த எழுத்தில் 'ஐ சரண்டர்'. என் சொல்! அழைப்பிதழை ஒஃபீஸுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு மேசையாகக் காட்டினேன். பிரதம லிகிதர் எழுந்து நின்று கை கொடுத்தார். சிங்களப் பிள்ளைகள்கூட "நங்கிக்கு வாழ்த்துச் சொல்லுங்க சேர்" என்று உன்னைத் தங்கச்சி முறை சொல்லி வாழ்த்தினார்கள்.

பஸ் பேசிவிட்டேன். நம் கோயில் பங்குச் சுவாமியும் வருகிறார். அண்ணி ஏனோ சேலை எடுக்க வரமாட்டேன் என்கிறாள். கேட்டால் தலையிடி என்கிறாள்.

தங்கச்சி, உனக்கு நினைவிருக்கும். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "இவளைக் கோயிலுக்குக் குடுத்துடு வின்சன்ட், எனக்கு வாக்குக் குடு" என்றார். கொடுத்தேன். வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்று உண்டென்றால் அந்த வாக்கைக் காப்பாற்றியதுதான்.

ஆனந்தத்துடன்,
வின்சன்ட் அண்ணன்

*

கம்பளை
27 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணா,

இயேசுவுக்குப் புகழ். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து வாசியுங்கள். அண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணி மேல் கோபப்படாதீர்கள்.

தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது நான். என்னால் இங்கே இருக்க முடியவில்லை அண்ணா. நான் வீட்டுக்கு வர விரும்புகிறேன்.

யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. எனக்கு வேறு யாரோடும் தொடர்பு இல்லை. ஊர் முதலில் அதைத்தான் கேட்கும் என்பதால் சொல்லி வைக்கிறேன். உங்கள் சொல்லை எடுத்து நான் எழுதினேன், மதர் அதற்கு வேறு அர்த்தம் எடுத்தார், அது அழைப்பிதழில் ஏறிவிட்டது. உங்கள் மேல் பிழை இல்லை. நான் உண்மையான கேள்வியைக் கேட்டிருந்தால் நீங்கள் உண்மையான சொல்லைத் தந்திருப்பீர்கள்.

நேற்று மதரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். இலக்கணம் பார்க்கவில்லை. "மதர், மை சரண்டர் இஸ் நோட் யுவர் சரண்டர்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். பிறகு தலைமுக்காட்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யாரையும் இங்கே கட்டி வைப்பதில்லை மகளே. சரியான சொல்லில் ஒரு வரி எழுதித் தா. ஆனால் உன் வீட்டார் உன்னை ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லவேண்டும். பூட்டிய கதவுக்கு ஒரு பெண்ணை நான் அனுப்பமாட்டேன்" என்றார்.

அண்ணா, அந்த வீட்டைத் தவிர எனக்கு வேறு வீடு இல்லை.

கிறேஸ்

*

மஹய்யாவ
12 மே 2024

கிறேஸுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம்.

நான் என்ன எழுதுவது? பஸ் பேசியாகிவிட்டது. ஊருக்கே சொல்லியாகிவிட்டது. அதை எல்லாம் விடு. அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தைக்கு நான் என்ன செய்வது? கலப்பையில் கை வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வேதம் சொல்லவில்லையா? கொடுத்த வார்த்தையை மீறினவள் என்று நாளைக்கு உன்னைக் காட்டிப் பேசமாட்டார்களா? உனக்கு முப்பதாகிறது. இனி வந்து என்ன செய்யப் போகிறாய்?

ஜெபம் செய். மனம் மாறும்.

வின்சன்ட்

*

கம்பளை
16 மே 2024

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். உங்கள் கடிதத்தில் 'தேவ கிருபையால்' இல்லை. அதைப் பார்த்துத்தான் எவ்வளவு வருத்தம் என்று தெரிந்துகொண்டேன்.

அண்ணா, அம்மாவுக்கு வார்த்தை கொடுத்தது நீங்கள். நான் கட்டிலின் மறு பக்கம் நின்றேன். என் வார்த்தை இன்னும் என் வாய்க்குள்தான் இருக்கிறது. ஜூன் ஏழாம் தேதிதான் அதைக் கொடுக்கவேண்டும். அதனால்தானே அதற்கு வார்த்தைப்பாடு என்று பெயர்? கொடுத்த பிறகு மீறினால் பாவம். கொடுக்கும் முன்னால் யோசித்தால் அது பாவமா? பொய்யாகக் கொடுக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு பாடுபடுகிறேன்.

அம்மா ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் போன பிறகு நான் தனித்துப் போவேன், யார் தயவிலாவது கிடப்பேன் என்று பயந்தார். நீங்களும் அண்ணியும் இருக்கிறீர்கள் என்பதை அந்த நேரத்து வலியில் மறந்துவிட்டார். நீங்களும் மறந்துவிட்டீர்கள்.

வந்து என்ன செய்வேன் என்று கேட்டீர்கள். நேர்சரியில் மூக்கு ஒழுகும் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பேன். எனக்கு அது போதும்.

நீங்கள் 'வராதே' என்று எழுதினால் நான் ஜூன் ஏழாம் தேதி எல்லாருக்கும் முன்னால் நின்று வார்த்தை கொடுப்பேன். போக இடம் இல்லாததால் கொடுத்தேன் என்பது ஆண்டவருக்கும் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருக்கும்.

கிறேஸ்

*

மஹய்யாவ
27 மே 2024

அன்புள்ள கிறேஸ்,

நான்தான், அண்ணி. நீ நல்லா இருக்கவேண்டும் என்று தினமும் ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறேன். மழை தொடங்கிவிட்டது. துணி ஒன்றும் காய்வதில்லை.

உன் அண்ணன் எழுதாததைப் பார்த்து மனம் விட்டுவிடாதே. வெசாக் லீவு அன்று காலையில் "பேராதனை வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்று கிளம்பினார். பொழுது பட்டுத்தான் வந்தார், சப்பாத்தெல்லாம் செம்மண். மாநகரசபைக் கிளாக்கருக்குப் பேராதனையில் எங்கே செம்மண்? கேட்டதும் உடைந்துவிட்டார். கம்பளைக்குக் கோச்சி ஏறிப் போயிருக்கிறார். உங்கள் மடத்து மேட்டில் அந்தக் காலை வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறார். கேற்றுக்கு முன்னால் நின்றாராம். நீ உள்ளே துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாயாம்.

"மெலிஞ்சிட்டா ஷிராணி. கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிட முடியல. கூட்டிட்டு வந்துட்டா நாளைக்கு ஒஃபீஸுல என்னான்னு சொல்றது? கூப்பிடாம வந்துட்டா அம்மாவுக்கு என்னான்னு சொல்றது?" என்று சொல்லி அழுதார். கல்யாணம் முடித்து இத்தனை வருஷத்தில் அவர் அழுததை நான் ஆஸ்பத்திரியில் ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன்.

"அம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், நீங்க ஒஃபீஸுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றேன். எழுந்து ஹோலுக்குப் போனார்.

சஞ்சீவனிக்கும் விஷயம் தெரியும். "அக்கா வாறதெண்டா அறை காணும். நான் ஒரு பாயைப் போட்டுப் படுக்கிறன், நீங்கள் யோசிக்காதேங்கோ" என்கிறாள். ஊரான் பிள்ளைக்கு இருக்கிற மனசு! இவருக்கும் இருக்கிறது. வெளியே வரத்தான் நாள் எடுக்கிறது.

ஷிராணி அண்ணி

*

மஹய்யாவ
31 மே 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

தேவ கிருபையால் அனைவரும் சுகம். உன் அண்ணி உனக்கு எழுதிவிட்டதாகச் சொன்னாள். எனக்குச் செம்மண் துடைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கோபத்தில் எழுதிய கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்கிறேன். வந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேனே, சொந்த வீட்டுக்கு வருகிற பிள்ளையிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா? அந்த வரிதான் என்னைத் தூங்க விடவில்லை.

நேற்று ஒஃபீஸில் ஒன்று நடந்தது. டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹலீம் நானா, பெரிய பேக்கரி ஒன்று தொடங்க அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்திருந்தார். அலைந்து திரிந்து எல்லாச் சிபாரிசும் வாங்கி, நாங்கள் கையெழுத்து வைக்கும் நேரம், "விண்ணப்பத்தை எடுத்துக்கொள்றேன் சேர்" என்று வந்து நிற்கிறார். "ஏன் நானா, ஊரெல்லாம் பேக்கரி பேக்கரின்னு சொன்னீங்களே?" என்று கேட்டேன். மனுஷன் சிரித்தார். "செஞ்சு பார்த்தேன் சேர், எனக்கு ஒத்து வரல்ல. எனக்கு அடுப்படியில நின்டு ஆக்கித்தான் பழக்கம். போட்டதும் நான்தானே, எடுக்கிறதும் நான்தானே. இதுல என்ன வெக்கம் ஈக்கி?" என்றார்.

நான் வழக்கம் போல விண்ணப்பக் கோவையில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தேன். நானாவுக்கு ஒரு சொல் குறைவாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்றுகூடச் சொன்னேன். அவர் போன பிறகுதான் எனக்குச் சுட்டது. முன்னப்பின்னத் தெரியாத மனுஷருக்கெல்லாம் இத்தனை வருஷமாக முகம் கோணாமல் செய்கிற காரியம் இது. என் கூடப் பிறந்தவள் கேட்டபோது கலப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தேனே!

உனக்குத் தேவையான சொல் 'வித்ட்ரோ'. முடிவு வருவதற்கு முன்னால், தான் கொடுத்ததைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வது. அதில் தோல்வி இல்லை, குற்றம் இல்லை, யாரும் யாரையும் தள்ளவும் இல்லை. தினமும் என் கையால் எழுதுகிற சொல். மேசையில் கிடந்த சொல்லை விட்டுவிட்டுப் போர்க்களத்துக்குப் போய் உனக்கு ஒன்றைப் பொறுக்கிக் கொண்டு வந்தேன். மதருக்கு எழுதவேண்டிய வரியைச் சரியான இங்கிலீஸில் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்து எழுதிக் கையெழுத்து மட்டும் நீ வை. இன்னொரு தாளில் நானும் அண்ணியும் மதருக்கு எழுதியிருக்கிறோம். எங்கள் வீட்டுக் கதவு பகலில் பூட்டுவதே இல்லை என்று அண்ணி சேர்க்கச் சொன்னாள், சேர்த்தேன்.

பஸ்ஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுவாமியிடமும் போய்ச் சொன்னேன். "நல்ல வேளை, முன்னாலேயே சொன்னாளே" என்றார். ஒஃபீஸில் பிரதம லிகிதர் கேட்டார், சொன்னேன். அவர், "அப்ப தங்கச்சி வீட்டுக்கு வர்றா. சந்தோஷம்தானே?" என்றார். அவ்வளவுதான் ஊர். இதற்குத்தான் பயந்தேன்.

அம்மாவுக்கு நான் என்ன சொல்வேன் என்று கேட்டேன் அல்லவா? இவளைத் தனியாக விடமாட்டேன் என்பதுதான் நான் கொடுத்த வாக்கு என்று இன்று காலையில் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். அம்மா ஒன்றும் மறுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைக் கோச்சியில் வருகிறேன். அண்ணியும் வருகிறாள், உன் பழைய உடுப்புகளை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். இந்தத் தடவை கேற்றுக்கு வெளியே நின்றுவிட்டுப் போகமாட்டேன். மணியை அடிப்பேன். நீ திறக்கும் வரைக்கும் அடிப்பேன். மடத்தின் பேச்சடக்கம் கெட்டால் கெடட்டும்.

வித்ட்ரோவுக்கு எங்கள் காரியாலயத் தமிழில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். எத்தனையோ கோவைகளில் எழுதியிருக்கிறேன், ஒரு நாளும் அதை நின்று வாசித்ததில்லை. நேற்று ஹலீம் நானாவின் கோவையில் எழுதிவிட்டு வாசித்தேன். அதையே போட்டு இந்தக் கடிதத்தை முடிக்கிறேன்.

உன்னை மீளப்பெறும்,
அண்ணன் வின்சன்ட்